மேலே ஒன்றும் கட்டவில்லை

தாமல் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி ஏதோ போட்டிக்குப் போய்விட்டுத் திரும்புகிறான். அவன் மேல் விளக்கெண்ணெய் வாடை.

"மேல ஏறிப் பார்த்தா ஒண்ணுமே கட்டலக்கா."

"பரிசா ஒரு துண்டு கூடவா?"

"துண்டு கூட இல்ல."

"அப்புறம் எதுக்குடா ஏறச் சொன்னாங்க?"

"இது நம்ம கோயில் வழுக்கு மரம் இல்லக்கா. மல்லர் கம்பம். மேல போயி தலைகீழா தொங்கணும், காலால புடிச்சிக்கினு கைய விரிக்கணும். அதுக்குத்தான் மார்க்கு."

"போட்டிக்கு உன் பேர் குடுத்தவரு சொல்லலியா?"

"வழுக்கு மரத்துல நல்லா ஏறுறியே, வாடான்னாரு. அவ்ளோதான்."

"கோயில்ல மாதிரி ஏறும்போது தண்ணி பீச்சுனாங்களா?"

"இல்லக்கா. வரும் வரும்னு நான் கண்ண மூடிக்கினே ஏறினேன். எல்லாரும் சிரிச்சாங்க."

அக்கா சிரிக்கவில்லை. பரிசை வாங்கிப் போக பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்து வந்த பெரிய கட்டைப்பை அவள் மடியில் காலியாக இருந்தது.

"எத்தினாவதா வந்த?"

"கடைசி."

"சரி வுடு. இனிமே போவாத."

"போணும்க்கா. எனக்கப்புறம் ஒருத்தன் தலைகீழா தொங்கினான். கம்பம் முழுக்க எண்ணெய், அவன் கையே வைக்கல. அத்த பார்த்துட்டு எப்பிடிக்கா சும்மா இருக்கறது?"

அக்கா காலிப் பையை நாலாய் மடித்தாள்.

"அடுத்த தபா போறப்ப சொல்லு. ஒரு துண்டு தரேன்."

"மேல கட்டவா?"

"தொடைக்கடா. எண்ணெய்க் கையோட வந்து நம்ம தறியில குந்தினா பாவு நூலெல்லாம் வீணாப்பூடும்."