ஊர் ஊராக வாய்தா

பஸ் பயணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது இன்ஸ்பெக்டர் மேடம். திருமங்கலம் தாண்டுவதற்குள் குடலைப் பிரட்டும். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போக வேண்டும். காரில் போனால் ஒன்றும் செய்யாது, பஸ்ஸில்தான் இந்தப் பாடு. அதனால் ஒரு மனுசியை வாரத்தில் பாதி நாள் பஸ்ஸில் உட்கார வைத்தால் என்ன ஆவாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த யோசனை வந்தது அங்கிருந்துதான். என் வக்கீல் காமராஜ் சொல்லிக்கொடுத்ததாக உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அதை அடித்துவிடுங்கள். அவருக்கு அவ்வளவு கற்பனை கிடையாது.

நீங்கள் வந்திருப்பது அச்சங்குளத்துச் சண்முகத்தாய் கொடுத்த புகாருக்காக. அதற்கும் வருகிறேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் இடைவேளைக்குப் பிறகு படம் பார்த்த மாதிரி இருக்கும். நசிமா வக்கீலிலிருந்து ஆரம்பித்தால்தான் சரிப்படும். உங்களுக்கு அவசரம் இல்லையே? எனக்கும் இல்லை. எல்லாம் அலுத்துவிட்டது.

தாயில்பட்டிக்கு மேற்கே எங்களுக்குக் கரிசல் நிலம். அப்பா காலத்தில் பருத்தி போட்டோம், மிளகாய் போட்டோம். மழை ஏய்த்து ஏய்த்து, கடைசியில் அதே நிலத்தில் நான் பட்டாசுக் கம்பெனி போட்டேன். இருநூறு வீட்டில் அதனால்தான் உலை கொதிக்கிறது. யாரையும் நான் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. வேலை பார்க்கும் பெண்களை எல்லாம் 'தாயி' என்றுதான் கூப்பிடுவேன். வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

இரண்டாயிரத்து நாலு சித்திரையில் பாண்டிமீனா என்ற பெண் என் மேல் புகார் கொடுத்தாள். இருபது வயசிருக்கும். லேபிள் ஒட்டும் அறையில் வேலை. எந்நேரமும் ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஒட்டுவாள், கை மட்டும் பறக்கும். மதியம் மற்றவர்கள் வேப்பமரத்தடிக்குச் சாப்பிடப் போயிருந்தபோது நான் அந்த அறைக்குள் வந்து கதவைச் சாத்தினேன் என்பது புகார். அதற்குப் பிறகு நடந்ததாக அவள் சொன்னது இரண்டே வரி. நீங்கள் படித்திருப்பீர்கள்.

நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் என்றீர்கள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பட்டாசு அறைக்கு நாலு பக்கமும் கதவு இருக்கும். எல்லாம் வெளியே பார்த்துத் திறக்கும். உள்ளே ஆள் இருக்கும்வரை கதவுகளைக் கொக்கி போட்டுத் திறந்தே வைத்திருப்போம். ஏதாவது பற்றிக்கொண்டால் எந்தப் பக்கமாவது ஓட வேண்டுமே. உள்ளே ஆள் இருக்கக் கதவைச் சாத்துவது எங்கள் பக்கத்தில் நடக்கவே நடக்காது. பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட அது தெரியும். அன்று மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் வெள்ளைத்தாய் என்பவள் போலீசிடம் சொன்னாள்: "கதவு அடைச்சிருக்கிறதப் பாத்ததும் கையில எடுத்த சோறு வாய்க்குப் போகல. எல்லாரும் எந்திரிச்சிட்டோம்."

பிறகு அப்படிச் சொல்லவில்லை என்றாள். அவள் மகனுக்கு நான் குடோனில் வேலை கொடுத்திருந்தேன். நல்ல பையன்.

போலீஸ் என்னைக் கேட்டபோது, மழைச்சாரல் அடித்தது, வெடிமருந்து நனைந்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்தினேன் என்று சொன்னேன். இடத்தைப் பார்வையிட வந்த அன்று நசிமா வக்கீலும் பாண்டிமீனாவோடு வந்திருந்தார். சாத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முகம்மது யூசுப் பாயின் மகள். எங்கள் கம்பெனிப் பெண்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவணையில் சேலை எடுப்பது அந்தக் கடையில்தான். அந்தப் பிள்ளை கதவுகளைச் சாத்திப் பார்த்தார், திறந்து பார்த்தார். பிறகு என்னிடம் நிதானமாகக் கேட்டார்.

"மொதலாளி, சாரல் அடிச்சா நீங்க மொதல்ல என்ன செய்வீக? ஆள வெளிய அனுப்புவீகளா, ஆளோட சேத்துக் கதவச் சாத்துவீகளா?"

சித்திரை மாசத்தில் சாரல் ஏது என்று எல்லாரும் கேட்டார்கள், அதைச் சமாளித்துவிடலாம். இதைச் சமாளிக்க முடியாது. பட்டாசுக்காரன் எவனும் சொல்லாத பொய்யை நான் சொல்லிவிட்டேன். அதை ஜவுளிக்கடைக்காரர் மகள் கண்டுபிடித்ததில் எனக்கு வருத்தம்தான். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நாலு தடியன்களை அனுப்பியிருப்பேன். நான் சட்டப்படி போனேன்.

ஆடி மாசம் ஆர்டர் கொடுக்க வெளியூர் ஏஜென்டுகள் எல்லாரும் சிவகாசிக்கு வருவார்கள். சீசனுக்கு முன்னால் லோடு கிடைக்க வேண்டும் என்றால் நம் முகம் கோணாமல் நடந்துகொள்ள வேண்டும். அந்த ஆடியில் அவர்களுக்கு நல்ல சாப்பாடு போட்டு, காமராஜ் டைப் அடித்துவைத்திருந்த தாள்களில் கையெழுத்து வாங்கினேன். நசிமா வக்கீல் கதவு விஷயத்தைப் பத்திரிகைக்காரரிடமும் சொல்லியிருந்தார், அது எல்லா ஊர்ப் பதிப்பிலும் வந்திருந்தது. அதைப் படித்து எங்கள் சரக்கை விற்கிறவனுக்கு மானம் போயிற்று, வியாபாரம் படுத்தது என்று ஓசூரில் அவர் மேல் ஒரு அவதூறு வழக்கு. நாமக்கல்லில் ஒன்று. அப்படியே தர்மபுரி, நாகர்கோவில், கடலூர்.

காமராஜ் தலையைச் சொறிந்தார். "இதுல ஒண்ணுகூட நிக்காது மொதலாளி. ஜெயிக்கவே முடியாது."

"ஜெயிக்க வேண்டாம் வக்கீலய்யா. நடந்தாப் போதும்" என்றேன்.

நடந்தது. வழக்குப் போட்டவன் வராமல் இருக்கலாம், உடம்பு சரியில்லை என்று சீட்டு அனுப்பலாம். எதிரி வந்தாக வேண்டும். திங்கள் நாகர்கோவில் என்றால் புதன் தர்மபுரி. அங்கே போய்ச் சேர்ந்தால் ஜட்ஜ் லீவு, வாய்தா அடுத்த மாசம். அந்தப் பிள்ளையின் மற்றக் கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு வக்கீலைப் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் இல்லாத வக்கீலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள், பாவம். பாண்டிமீனா மட்டும் போகவில்லை. போக இடமில்லை.

ஒருநாள் யூசுப் பாய் என் வீட்டுக்கு வந்தார். நான் எழுந்து போய்க் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். காபி கொடுத்தோம். பெண்பிள்ளை தனியாக அலைய வேண்டாமென்று அவரும் கடையை அடைத்துவிட்டுக் கூடவே போய்க்கொண்டிருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"என் மக மேல உங்களுக்கு என்ன கோவம் மொதலாளி?"

"ஒரு கோவமும் இல்ல பாய். தங்கமான பிள்ளை. அந்த ஒரு கேஸ விடச் சொல்லுங்க. மத்ததெல்லாம் தன்னால போயிரும்."

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். உட்காரவில்லை. "சொல்லிப் பாத்துட்டேன் மொதலாளி. 'அந்தப் புள்ளைய நட்டாத்துல விட்டுட்டு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்தக் கோட்ட மாட்டுவேன் அத்தா'ங்கிறா. நானும் அதுக்கு மேல கேக்கல. அவ சொல்றதுதான் சரி."

அடுத்த மாசம் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தபடியே உயிர் போய்விட்டது அவருக்கு. நான் துக்கத்துக்குப் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. நசிமா வக்கீல் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். அழுததாகத் தெரியவில்லை. அழவும் தெம்பில்லாத மாதிரி இருந்தார்.

"வாங்க" என்றார். "அடுத்த வாய்தா எங்கன?"

எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஓசூர் என்று சொன்னேன்.

அப்படியும் அந்தப் பிள்ளை வழக்கை விடவில்லை. பாண்டிமீனா சாட்சி சொல்லும் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் குறித்தார்கள். இந்த மாதிரி வழக்கில் வெளியாட்களை அனுப்பிவிட்டுக் கதவை அடைத்துத்தான் விசாரிப்பார்கள். பெண்ணின் மானத்துக்காகச் செய்கிற ஏற்பாடு. தேதி குறித்தபோதே நசிமா வக்கீல் எழுந்து ஜட்ஜிடம் ஒன்று கேட்டார். வழக்கை நடத்துவது அரசு வக்கீல்தான் என்றாலும், சாட்சி சொல்லி முடிக்கும்வரை தான் பாண்டிமீனா பக்கத்தில் நிற்க அனுமதி வேண்டும் என்றார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் கதவு சாத்திய அறையில் இருப்பதில்லையாம். வீட்டில்கூடக் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு, அவள் அம்மா வாசலில் காவல் படுக்கிறாளாம். மூடிய அறையில் தன்னைத் தெரிந்த ஒருத்தர் பக்கத்தில் இல்லாவிட்டால் அவளுக்குப் பேச்சே வராது என்றார். ஜட்ஜ் அனுமதித்தார்.

நான் எதிரிக் கூண்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் எதிரி காதுபடச் சொன்னார். அது வக்கீல் தொழிலில் பிழை என்று காமராஜே ஒத்துக்கொண்டார்.

ஓசூர் ஏஜென்ட் ஜெயச்சந்திரனுக்குப் போன் போட்டு, அதே தேதிக்கு அங்கே வாய்தா வாங்கச் சொன்னேன். நசிமா வக்கீல் ஓசூருக்குப் போகவில்லை. அதற்கு முந்தின வாய்தாவுக்கும் அவர் போயிருக்கவில்லை, அத்தாவின் சாவுச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. அப்போதே பிடிவாரண்டு வந்துவிட்டது. அது தூங்கிக்கொண்டிருந்தது, நான் எழுப்பினேன். ஓசூர் போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வந்து சிரமப்பட வேண்டாமென்று கார் ஏற்பாடு செய்ததும் நான்தான்.

பாண்டிமீனாவைக் கூப்பிடப் போகிற நேரம். வராந்தாவில் அவளும் நசிமா வக்கீலும் கையைக் கோத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். போலீஸ்காரர்கள் வாரண்டைக் காட்டினார்கள்.

"ஒரு மணி நேரம் இருங்க அண்ணே" என்றார் நசிமா வக்கீல். "இந்தப் பிள்ளை சொல்லி முடிக்கட்டும். நானே வந்து வண்டியில ஏறிக்கிறேன்."

"எங்களுக்கு மேல இருந்து போன் மேல போன் வருதும்மா" என்றார் அவர்களில் மூத்தவர். அவரும் அலுத்துப்போயிருந்தார். யார் போன் போடச் சொன்னது என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

நசிமா வக்கீல் வாதாடவில்லை. பாண்டிமீனாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "மீனா, கதவப் பாக்காத. ஜட்ஜய்யாவப் பாரு. அவரு கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார். அப்புறம் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும் என்று நான் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அரசு வக்கீல் இருக்கிறார், அது போதும், வழக்கு ரொம்ப நாளாக இழுக்கிறது என்று உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். பாண்டிமீனா ஏறி நின்றாள். கோர்ட் டவாலி கதவைச் சாத்தினார். பழைய கதவு, தாழ்ப்பாள் விழும் சத்தம் நன்றாகவே கேட்டது.

அவள் ஜட்ஜைப் பார்க்கவில்லை. கதவைத்தான் பார்த்தாள். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. கை மட்டும் கூண்டு விளிம்பில் எதையோ ஒட்டுகிற மாதிரி தேய்த்துக்கொண்டே இருந்தது. அரசு வக்கீல் இரண்டு தடவை கேட்டார். மூன்றாம் தடவை அவள், "ஒண்ணும் நடக்கல சார். கதவத் தெறங்க" என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு விடுதலை.

ஒரு முறை விடுதலையான வழக்கில் மறுபடி விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று காமராஜ் சொல்லியிருக்கிறார். அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன். அன்று சாரல் இல்லை. நாலு கதவையும் சாத்தியது நான்தான். பாண்டிமீனா சொன்ன இரண்டு வரியும் நடந்ததுதான். அன்றும் அவள் என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்து இதே வார்த்தையைத்தான் சொன்னாள், "கதவத் தெறங்க மொதலாளி" என்று. அதனால்தான் கோர்ட்டிலும் அதையே சொல்வாள் என்று எனக்கு முன்னமே தெரிந்திருந்தது.

இப்போது அவள் எந்தக் கம்பெனிக்கும் போவதில்லை. நாரணாபுரம் பக்கம் அக்காள் வீட்டில் இருக்கிறாளாம். பாட்டு ஒன்றும் முணுமுணுப்பதில்லையாம். அந்த ஒரு கேஸ் முடிந்தால் மற்ற ஊர் வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகப் பாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தேன். செய்யவில்லை. வேண்டுமென்று இல்லை, சீசன் வேலையில் மறந்துபோயிற்று. நாலு வருஷம் கழித்தும் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன என்று போன வாரம்தான் தெரிந்தது, ஜெயச்சந்திரன் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு உங்களிடம் எல்லாவற்றையும் சொல்ல வந்தபோது.

சண்முகத்தாய் விஷயத்துக்கு வருகிறேன். அவள் சொல்வதும் உண்மைதான். அதே அறைதான். மறுபடி ஊர் ஊராக ஏஜென்டுகளைப் பிடித்து, கையெழுத்து வாங்கி, வாய்தா பார்த்து... எனக்குத் தெம்பில்லை மேடம். வயசாகிறது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். சண்முகத்தாய்க்காக நசிமா வக்கீல் ஆஜராகப் போவதாகக் கேள்விப்பட்டேன். வேறு யாரையாவது போடச் சொல்லுங்கள். ஏனோ தெரியவில்லை, அந்தப் பிள்ளை என் மேல் வன்மம் வைத்திருக்கிறது. அது நியாயமாக நடந்துகொள்ளாது.