குடிக்காத தண்ணீர்

“எங்கூட்டுத் தண்ணி குடிச்சா கேசு போயிடுமாங்க?”

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த பெரியவரிடம் கேட்டாள். போலீஸ் பிடித்துக்கொண்டு போன இடத்தில் செத்துப்போனவன் அவள் புருஷன். பெரியவர் மனித உரிமைக்காரர். அந்தச் சாவை விசாரித்து எழுதிய ஃபைல் அவர் மடியில் இருந்தது.

“கோவிச்சுக்காதம்மா. ‘சாட்சி வூட்டுல கை நனைச்சியா’ன்னுதான் கோர்ட்டுல மொதல்ல கேப்பாங்க.”

“அன்னைக்கு செங்கொடி புடிச்சிக்கினு ஓட்டு கேட்டு வந்தப்ப, கூழு கேட்டு வாங்கிக் குடிச்சீங்களே. அவருதானே ஊத்துனாரு.”

“ஆமாம்மா. ரெண்டு சொம்பு.”

“அத எழுதியிருக்கீங்களா?”

“இல்லம்மா. தெரிஞ்ச ஆளுக்காக எழுதுனான்னு சொல்லி மொத்தத்தையும் தள்ளிடுவாங்க.”

மலை வளைவுகள் முடிந்ததும் அவள் ஃபைலைத் தொட்டுக் காட்டினாள்.

“அப்ப அவரு யாருன்னே தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க.”

பெரியவர் ஃபைலைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

“நான் தேடிக்கினு போனப்ப ஸ்டேஷன்லயும் அதையேதாங்க சொன்னாங்க.”