சுக்கு மூட்டைமேல் இருந்த லேப்டாப்

லேப்டாப்புக்கு மூச்சு அடிப்பக்கத்தில் இருக்கிறது, சார். பாதிப் பேருக்கு இது தெரியாது. மெத்தைமேல் வைத்தால் காற்றுப் போகிற வழி அடைத்து, சூடேறி, தானாக அணைந்துவிடும். அணைவது கோளாறு இல்லை, அதுதான் காவல். கொச்சங்காடியில் ஒன்பது வருஷமாக ரிப்பேர் கடை வைத்து இதையே சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

பிச்சுமணி சாமிக்குச் சுக்கு மண்டி. அவர் அப்பா காலத்தில் சீசனின் முதல் மூட்டையை விற்காமல் நிறுத்தி, நோட்டுப் புத்தகத்தை அதன்மேல்தான் வைப்பார்களாம். ராசி. இப்போது நோட்டுக்குப் பதில் லேப்டாப். சாக்கு நாரும் சுக்குத் தூசியும் ஃபேனுக்குள் கம்பளி மாதிரி அடைந்து கிடக்கும். பத்துத் தடவை சுத்தம் செய்தேன். ஒவ்வொரு தடவையும் அடியில் இருக்கிற என் கடை ஸ்டிக்கரில் தேதி எழுதினேன். ஒரு பலகையில் நானே துளை போட்டு, இதன்மேல் வையுங்கள் என்று கொடுத்தனுப்பினேன். அதைக் கொண்டுபோய், காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுக்கு உள்ளேயிருந்து முட்டுக் கொடுத்துவிட்டார்கள். மனுஷனுக்கு எரிச்சல் வருமா, வராதா?

லேப்டாப்பைக் கொண்டுவருவது சங்கரி. மண்டியில் பில் அடிக்கிற பெண். தேனிக் குடும்பம், பிறந்தது இங்கே, பேச்சில் மலையாளம் கலக்கும். பதினோராவது தடவை வந்தபோது கண் கலங்கியிருந்தாள்.

“அண்ணா, பாதி பில்லுல ஓஃப் ஆயிடுது. மொதலாளி எங்கிட்டல்லே கத்துறாரு. எப்படியாச்சும் ஓஃப் ஆகாம ஆக்கித் தா.”

அவள் பின்னாலேயே சாமியும் வந்தார். எதிர்ச் சாயாக்கடையில் நாலு பேர் பார்க்க நின்றுகொண்டு, “பத்து தரம் கொடுத்தாச்சு. தூசி தட்டக்கூட நோக்கு அறியாதோ? கடையைப் பூட்டிண்டு ஊருக்குப் போடா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

ஆனால் கோபத்தில் எதையும் செய்யவில்லை. ஒரு சாயா குடித்துவிட்டு நிதானமாகத்தான் கழற்றினேன். பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. அப்படி உப்பினதைத் திருப்பிக் கொடுக்கவே கூடாது. நான் அமுக்கி வைத்து ஸ்க்ரூவை இறுக்கினேன். சூடானால் அணைகிற ஏற்பாட்டையும் எடுத்துவிட்டேன். அணையக் கூடாது என்றார்கள், அணையாமல் செய்து கொடுத்தேன். கேட்டதைச் செய்வதுதானே தொழில்?

“அண்ணன் இல்லேன்னா நான் மொதலாளிகிட்ட மாட்டி பெட்டுப் போயிருப்பேன்” என்று சங்கரி சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

சாமிக்கு ஒரு பாடமாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார், அந்த நேரத்தில் மூட்டைப் பக்கத்தில் இருப்பவள் சங்கரி மட்டும்தான். அது எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் தீப்பிடித்தது. சாக்கும் சுக்கும் காய்ந்த சரக்கு. புகையில் அவளால் கதவுக்குக் கொடுத்திருந்த முட்டுப் பலகையை எடுக்க முடியவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். என் பலகை, சார். அதை லேப்டாப்புக்கு அடியில் வைத்திருந்தால் அந்தப் பெண் இன்று உயிரோடு இருப்பாள். பத்துத் தடவை சொன்னேன், ஒருவரும் கேட்கவில்லை. இதில் என் தப்பு என்ன இருக்கிறது?

ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தப் பதினோராவது தடவை அதை உரித்தெடுத்து, ஒட்டின தடம் தெரியாமல் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத்தான் கொடுத்தேன். ஓரம் சுருண்டு பழசாகியிருந்தது, அவ்வளவுதான்.