மரத்தடியில் வைத்த கல்

ஹலோ... ஹலோ, ஆம்ப்ரோஸ் இருக்காரா? கொஞ்சம் கூப்பிடுங்க... அவர் வீட்டம்மா டோரதி பேசறேன்... ஆமா, ஆமா, அவசரம்தான்.

...

என்னங்க, நான்தான். மருந்துக்கடை போன்லேர்ந்து பேசறேன்... இல்ல, பசங்களுக்கு ஒண்ணுமில்ல. மரம்தான்... ஆமா, நம்ம காம்பவுண்டு தூங்குமூஞ்சி மரம். காலையில பேஞ்ச மழைக்கு அடிமரம் பொளந்துகிச்சு. அப்படியே பக்கத்து வீட்டு பாஞ்சாலியோட ஓட்டு மேல சாஞ்சுகிட்டு நிக்குது... விழல. இன்னும் விழல. காத்து ஒண்ணு அடிச்சா போதும்.

வந்தாங்க, வந்தாங்க. கார்ப்பரேஷன் ஆளுங்க ரம்பம், கயிறு எல்லாம் எடுத்துகிட்டு ஒம்போது மணிக்கே வந்தாங்க... எங்க வெட்டினாங்க? அடியில இருக்கற கல்லப் பாத்ததும் நாலு பேரும் செருப்பக் கழட்டிட்டு ஓரமா ஒக்காந்துட்டாங்க. மேஸ்திரி கோவிந்தப்பா 'ஆகல்லம்மா, வெட்ட முடியாது'ன்னுட்டாரு. அம்மா குடியிருக்கற மரமாம்...

சிரிக்காதீங்க.

எந்தக் கல்லா? நீங்க வச்ச கல்லுதான். சந்துல போறவன்லாம் நம்ம செவுத்துல ஒண்ணுக்குப் போறான்னு, ஒடஞ்ச அம்மிக்குழவிக்கு மஞ்சப் பூசி, குங்குமம் வச்சு, யாருக்கும் தெரியாம நட்டீங்களே, அது... ஆமா, ஒண்ணுக்குப் போறது நின்னுச்சு. யாரு இல்லேன்னா? ரெண்டு வருஷமா வெள்ளிக்கெழம தவறாம கற்பூரம் எரியுது.

அத விடுங்க. பாஞ்சாலி வெளிய வரமாட்டேங்கறா... ஆமாங்க, அந்தப் பதினோரு நாள் புள்ளையோட உள்ளதான் படுத்திருக்கா. மரத்துக்கு நேர் கீழ... சொன்னேன். கையப் புடிச்சு இழுத்தும் பாத்தேன். ஒம்போது வருஷம் இல்லாம இருந்து, அந்த அம்மாவச் சுத்தி வந்தப்புறம்தான் இந்தப் புள்ள பொறந்துச்சாம். 'குடுத்தவ எம்புள்ள தலையில போடமாட்டாக்கா'ங்கறா... அவ புருஷன் எங்க இருக்கான்? வேலைக்குன்னு ஓசூர் போயிருக்கான்.

வழி இருக்கு. கேளுங்க. கல்ல வச்சவங்க வந்து, தேங்கா ஒடச்சு, அம்மாகிட்ட கேட்டுகிட்டு, தன் கையால வேற எடத்துக்குக் கொண்டுபோனா மரத்த வெட்டறோம்னு மேஸ்திரி சொல்றாரு. அம்மா எங்க போறாளோ அங்க நானும் வரேன்னு பாஞ்சாலியும் ஒத்துகிட்டா... யாரு வச்சதுன்னு சந்தே கேட்டுகிட்டிருக்கு. நான் வாயத் தொறக்காம நின்னேன்.

அதனால நீங்க வாங்க... லீவு கேளுங்க... என்ன பயம்? அடிக்கல்லாம் மாட்டாங்க... ஃபாதருக்குத் தெரிஞ்சா? அத அன்னைக்கே யோசிச்சிருக்கணும்... சரி... சரி... சரிங்க. வராதீங்க.

நான் எடுக்கறேன்.

ஆமா, நாங்கதான் வச்சோம்னு சொல்லிட்டுத்தான் எடுக்கணும்... வேற எங்க வைக்கறது? நம்ம முன்ரூம்லதான். அவளும் புள்ளையும் அங்கதானே படுக்கணும்... மாதா படத்துக்குக் கீழ இல்லீங்க. ஜன்னல் பக்கமா வைக்கறேன்.

ம்... கேப்பா. எதுக்குக்கா வச்சீங்கன்னு கட்டாயம் கேப்பா...

...

ஒண்ணுக்குன்னு எப்படிங்க சொல்றது? புள்ளைய மடியில வச்சுகிட்டு என் மூஞ்சியப் பாத்து கேப்பா... 

கும்பிடத்தான் வச்சோம்னு சொல்லிடறேன்.

பொய்தான். சனிக்கெழம ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல நான் சொல்லிக்கறேன்... நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். வைங்க, காத்து கெளம்புது.