யாரப் பத்தி எழுதியிருக்கு?

— தலைய ஆட்டாதீங்க சார். ரெண்டாவது தடவ சொல்றேன்.

— ஆட்டலையே, அண்ணே.

— கண்ணாடியில அந்த மாடிப்படிய எட்டி எட்டிப் பாக்கறீங்க. அங்க என்ன இருக்கு? எங்க வீடுதான் இருக்கு.

— சும்மா... குடும்பத்தோட மேலதான் இருக்கீங்களா?

— நான், வீட்டுக்காரி, ஒரே பொண்ணு. மேல வீடு, கீழ கடை. லேட்டா வந்தா சொல்றதுக்கு ஒரு சாக்குகூட இல்ல. ம்... காதோரம் என்ன பண்ணட்டும்?

— கொஞ்சம் கொறைங்க.

— எதக் கொறைக்க? இது நாலு நாள் முந்தி யாரோ வெட்டின தல. நல்லாவும் வெட்டியிருக்கான், பாவி. பத்து நிமிஷமா நான் காத்தத்தான் வெட்டிட்டு இருக்கேன். எதுக்கு வந்தீங்க சார்? வரி ஆபீஸா?

— ஐயோ, இல்லண்ணே. நான் வாத்தியார். சரித்திரம். உங்க பொண்ணு என் கிளாஸ்தான், பத்தாவது.

— அட! தேதி சாரா?

— தேதி சாரா...?

— உங்களுக்குப் புள்ளைங்க வெச்ச பேரு சார். எந்தத் தேதி கேட்டாலும் சொல்லுவாராம்னு பொண்ணு சொல்லுவா. இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?

— சொல்லத்தான் வந்தேன். நீங்க 'வாங்க வாங்க'ன்னு நாற்காலியத் தொடச்சீங்க... உக்காந்துட்டேன்.

— நல்ல ஆளு போங்க. இருங்க, துணிய அவுத்து விடறேன்.

— மூணு நாளா அவ வரல. உடம்புக்கு ஏதாவது...?

— மொத நாள் தலவலின்னா. அடுத்த நாள் வயித்துவலி. இன்னைக்கு ஒண்ணும் சொல்லல, சுவத்தப் பாத்துப் படுத்துட்டா. அவங்க அம்மா கூப்பிட்டாத் திரும்பக்கூட மாட்டேங்கறா. பரீட்சையில ஏதாவது கோட்ட விட்டாளா?

— பரீட்சை இல்லண்ணே. செவ்வாக்கெழம ஒரு பாடம் எடுத்தேன். பொழைக்க வந்தவங்களப் பத்தி அந்தந்தக் காலத்துல ஜனங்க என்ன நெனச்சாங்கன்னு. பழைய பேப்பர்ல வந்த ஒரு கடிதத்த வாசிச்சேன். எந்த வருஷம், யாரப் பத்தி, ரெண்டையும் சொல்லல.

— தேதி சாரே தேதி சொல்லலையா? சரி, என்ன எழுதியிருந்துச்சு?

— வேணாமே...

— வாசிங்க சார். முப்பது புள்ளைங்க கேட்டத நான் கேக்கக்கூடாதா?

— 'இவங்க வந்ததுல இருந்து கூலி பாதியாப் போச்சு. ஒரு ரூம்ல பத்துப் பேர் படுக்கறாங்க. நோயக் கொண்டு வர்றாங்க. நம்ம புள்ளைங்க பக்கத்துல இவங்க புள்ளைங்கள உக்கார வெக்காதீங்க.'

— ம்.

— 'இது யாரப் பத்தி எழுதியிருக்கு? தெரிஞ்சவங்க கை தூக்குங்க'ன்னேன்.

— ஆத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து வந்தவங்கன்னு சொல்லியிருப்பாங்க. அக்கரைக்காரங்கன்னு.

— உங்களுக்கு எப்படி...

— இந்த நாற்காலியில உக்கார்றவங்க தெனம் அதத்தானே பேசறாங்க. நானும் 'ஆமா ஆமா'ன்னு வெட்டிட்டு இருப்பேன். மேல சொல்லுங்க.

— கிளாஸே கத்துச்சு. அந்த நேரம் பாத்துப் பெல் அடிச்சிடுச்சு. சரி, ஒரு நாள் யோசிக்கட்டும், நாளைக்குப் பதில் சொல்லலாம்னு வெளிய வந்துட்டேன். அங்கதான் தப்புப் பண்ணிட்டேன்.

— பதில் என்ன?

— அது எண்பது வருஷத்துக்கு முந்தின பேப்பர். எங்க ஆளுங்களப் பத்தி எழுதினது. என் தாத்தாவோட அப்பா கப்பல்ல வந்து எறங்கினவரு. கிளாஸ்ல பாதிப் பேரு அப்படி வந்த வீட்டுப் புள்ளைங்கதான். மறுநாள் கிளாஸ்ல இதச் சொன்னேன்.

— எண்பது வருஷத்துல நல்லா மறந்திருக்கீங்க எல்லாரும்.

— ஆமா. ஆனா உங்க பொண்ணு மட்டும் அன்னைக்கு வரல. அவளுக்குப் பதில் தெரியாது. இன்னைக்கு ஆபீஸ்ல அவ பழைய சர்டிபிகேட்ட எடுத்துப் பாத்தேன். ரெண்டாவது வரைக்கும் படிச்சது... அக்கரையில.

— மெதுவா சார். கதவு தெறந்திருக்கு.

— மன்னிச்சிடுங்க.

— எட்டு வருஷமா நாக்கப் புடிச்சுத் திருப்பி, உங்கள மாதிரியே பேசிப் பழகினேன். ஒரு காயிதத்துல கண்டுபிடிச்சிட்டீங்க. போகட்டும். இதுக்கா மூணு நாள் படுக்கணும்? இதவிடக் கேவலமாவும் கேட்டவதான் அவ.

— கேட்டதோட மட்டும் இருந்திருந்தா...

— என்ன?

— சொல்லலாமான்னு தெரியலண்ணே.

— சொல்லுங்க. கத்தரிக்கோல் கையில இல்ல.

— மொதல்ல கை தூக்கினது அவதான். எழுந்து நின்னு, 'அக்கரைக்காரங்க சார், அவங்க புத்தியே அப்படித்தான்'னா. எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. நான்... நான் எதுவும் தெரியாம 'உக்காரும்மா, தைரியமாச் சொன்னே'ன்னு பாராட்டிட்டேன்.

— அதான் அவங்க அம்மா மொகத்தப் பாக்க மாட்டேங்கறா.

— அவளக் கோவிச்சுக்காதீங்க. 'ஏன் அப்படிச் சொன்னே'ன்னு நானும் கேக்கப் போறதில்ல. அந்தப் பேப்பர அவ கையில குடுத்து, யாரப் பத்தி எழுதினதுன்னு சொல்லிட்டுப் போயிடறேன். அஞ்சு நிமிஷம்.

— மேல போங்க சார். ஏழாவது படி ஆடும், பாத்துப் போங்க. அவ மேல ஒரு தப்பும் இல்ல. இங்க பள்ளிக்கூடத்துல சேத்த அன்னைக்கு, ஏழு வயசுப் புள்ளைய வாசல்ல நிறுத்தி, 'அக்கரைக்காரங்கள யாராவது திட்டினா சும்மா நிக்காதே, நீ மொதல் ஆளாத் திட்டு, அப்பத்தான் யாருக்கும் சந்தேகம் வராது'ன்னு... நான்தான் சொல்லிக் குடுத்து உள்ள அனுப்பினேன்.