ஓட்மார் வாத்தியாரின் பந்தயம்

பூர்கி: வாத்தியாரே... அந்த வாளியைக் கீழ வைங்க.

ஓட்மார்: ஐயோ, பூர்கி! ஆளைக் கொல்லப் பாத்தியே. கதவைத் தட்டிட்டு வரக்கூடாதா?

பூர்கி: என் விடுதி, என் ஸ்கீ அறை. நான் யார் கதவைத் தட்டணும்? வாளியில என்ன?

ஓட்மார்: பனி. மலையில இருந்து ஸ்கீ பலகையில ஒட்டிட்டு வந்தது. அதைத்தான் தட்டி...

பூர்கி: தட்டுறீங்களா, கொட்டுறீங்களா? மலைப்பனியில சரளைக்கல் எப்படி வந்துச்சு? யாரும் வழுக்கி விழக்கூடாதுன்னு காலைல வாசல்ல நான் தூவினதுல்ல இது!

ஓட்மார்: அது... வாளி அடியில கிடந்திருக்கும்.

பூர்கி: இந்த வாரம் ஒரு நாளாவது சறுக்கினீங்களா?

ஓட்மார்: சறுக்கினேனே. திங்கக்கிழமை, மாதா கோயில் படியில.

பூர்கி: அது கணக்குல வராது.

ஓட்மார்: முட்டி போச்சு, பூர்கி. காலைல ஸ்கீயைத் தோள்ல போட்டுக்கிட்டு ஜம்முனு கிளம்புறேன். ஹெர்மினே ஜன்னல்ல நின்னு கையாட்டுவா. கோட்டை மதிலைத் திரும்பினதும் நேரா காப்பிக்கடை. சாயங்காலம் வரைக்கும் ஆப்பிள் ஸ்ட்ரூடலாத் தின்னுக்கிட்டு உக்காந்திருப்பேன்.

பூர்கி: அதானே பாத்தேன். வாரம் பூரா மலையில சறுக்கினவருக்குத் தொப்பை எப்படிப் போடும்னு!

ஓட்மார்: நோகடிக்காதே.

பூர்கி: சம்சாரத்துகிட்டச் சொன்னா என்ன? முட்டிவலிதானே, கொலையா பண்ணீங்க?

ஓட்மார்: சொன்னா அடுத்த ரயில்லயே என்னை வீட்டுக்கு, லின்ஸுக்கு ஏத்திடுவா. அப்புறம் இந்த ராட்ஸ்டாட் பக்கமே வரமாட்டா. ‘நீங்க சறுக்கலைன்னா எனக்கென்ன அங்க வேலை’ன்னுடுவா.

பூர்கி: அவங்களுக்கு இந்த ஊரு பிடிக்குமே?

ஓட்மார்: பிடிக்குமாவா! அவ உடம்பு தேறி வந்த வருஷம் ஞாபகம் இருக்கா? தலையில முடியில்லாம, கம்பளித் தொப்பியோட...

பூர்கி: இருக்கு. நான் வச்ச சூப்பைக்கூடத் தொடலை.

ஓட்மார்: வீட்டுல சிரிப்புச் சத்தமே நின்னு போச்சு. இங்க வந்து, பசங்க செஞ்ச பனிப்பொம்மை மேல மோதி நான் தலைகீழா நின்னேன் பாரு... அன்னைக்குத்தான் சிரிச்சா. அடக்க முடியாம. பனிக்குள்ள தலையை வச்சுக்கிட்டே அதைக் கேட்டேன். வெளிய எடுக்கவே மனசு வரலை. அப்படியொரு ஊரு இது. முட்டி வலிக்குதுன்னு எப்படி விட்டுட்டுப் போறது?

பூர்கி: சரி... கண்ணைத் துடைங்க. அந்தக் கையுறையில வேணாம், ஸ்கீ மெழுகு ஒட்டியிருக்கு.

ஓட்மார்: இப்ப வேற வம்பு. நாளைக்கு விருந்தாளிங்க ஸ்கீ பந்தயம்.

பூர்கி: அது வாராவாரம் நடக்குது. உங்களுக்கென்ன?

ஓட்மார்: நேத்து சாப்பிடறப்ப பீர் பேசிடுச்சு. ‘நானும் ஓடுறேன்’னுட்டேன். உடனே அவ, ‘உங்களுக்காக மாட்டுமணி அடிக்கக் கடைசிக் கோட்டுல நிக்கிறேன்’னா.

பூர்கி: பேர் குடுக்கலைல்ல?

ஓட்மார்: காலைல குடுத்துட்டேன். பொய்யை நிஜமாவே செஞ்சுட்டா, அப்புறம் அது பொய் இல்லையே.

பூர்கி: அந்த முட்டியோடயா?

ஓட்மார்: இறுக்கிக் கட்டிக்கிறேன். ஒரே ஒரு தடவை.

பூர்கி: பைத்தியமா பிடிச்சிருக்கு? பாதி வழியிலயே கால் ரெண்டாப் போகும்!

ஓட்மார்: ஸ்ட்ரெச்சர்ல வந்து கோட்டைத் தாண்டினாலும் அவ மணி அடிப்பா.

பூர்கி: வாத்தியாரே, ஒண்ணு...

ஓட்மார்: என்ன, சொல்ல வந்ததை முழுங்குறே?

பூர்கி: சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன். ஆனா நீங்க உயிரோட விளையாடுறீங்களே... நாளைக்கு நீங்க ஓடலை, வாத்தியாரே. மத்தியானமே உங்க பேரை எடுத்தாச்சு.

ஓட்மார்: எந்தப் பாவி எடுத்தான்?

பூர்கி: ஹெர்மினே அம்மாதான். எடுத்த கையோட என்கிட்ட வந்து, அடுத்த வருஷம் இதே வாரத்துக்கு ரூம் சொல்லிட்டாங்க... கீழ்த்தளத்துல, படியே ஏற வேண்டாத ரூமா. ‘அவர்கிட்டச் சொல்லிடாதே பூர்கி, பாவம், தினம் அந்த ஸ்கீயை நனைக்க அவ்வளவு மெனக்கெடுறாரு’ன்னாங்க.