பாய் திரும்பி வரும்வரை

“போன வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பிரியாணிக் கடைக்கு நான்தான் முதலாளி.”

காரைக்காலிலிருந்து திருவேட்டக்குடி போகும் பேருந்தில், முன் இருக்கையிலிருந்து இது காதில் விழுந்ததும் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டேன். சொன்னவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த டீச்சர். பக்கத்தில் இருந்த பெண்மணி அதே பள்ளியில் வேலை செய்யும் உள்ளூர்க்காரர்.

“என்ன டீச்சர் சொல்றீங்க?”

“லீவுதானேன்னு சாப்புடப் போனேன்க்கா. பாய் இலையப் போட்டாரு. பள்ளிவாசல்ல பாங்கு சத்தம் கேட்டுச்சு. ‘தொழுதுட்டு வந்துடுறேம்மா, கொஞ்சம் பாத்துக்கங்க’ன்னுட்டு வேலையாளுங்களோட கெளம்பிட்டாரு.”

“நீங்க என்னா பண்ணுனீங்க?”

“ரெண்டு பேரு பார்சல் கேட்டு வந்தாங்க. நானே கரண்டிய எடுத்துக் கட்டிக் குடுத்துட்டேன்.”

“அளவு தெரியுமா?”

“எங்க தெரியும்? அள்ளி அள்ளி வெச்சேன். பாய் வந்து அண்டாவ எட்டிப் பாத்தாரு. என் இலையில இன்னொரு முட்டைய வெச்சாரு.”

உள்ளூர்க்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

“வந்து மூணு மாசமாச்சுக்கா. இங்க யாரையும் தெரியாது. எங்க ஊருக்கே மாறுதல் கேட்டு எழுதிப் பையில வெச்சிருக்கேன். அது கெடைக்கிற வரைக்கும் சாப்புட நல்ல கடையா ஒண்ணு சொல்லுங்க.”

“கடையவே உங்கள நம்பி வுட்டுட்டுப் போயிருக்காரு. இன்னும் வேற கடை கேக்குறீங்களே, டீச்சர்!”

இரண்டு நிறுத்தம் தாண்டியதும் டீச்சர் மெல்லக் கேட்டார்.

“வர்ற வெள்ளிக்கிழமையும் பாங்கு அதே நேரத்துக்குத்தானேக்கா?”